பெரியப்பாவின் ஏழு: பைபிள் எண்களுக்குள் செய்தி இருக்கிறதா?

இந்த வாரம் ஒரு வீட்டுக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க பெரியப்பா வீடு பாஞ்சாலங்குறிச்சியில். டூர் போனப்போ நீங்க பார்த்திருக்கக்கூடிய கோட்டை, 1974இல் தமிழக அரசு கட்டினது. கட்டபொம்மன் இருந்த கோட்டையை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிட்டாங்க. பெரியப்பாவோட மகன், எனக்கு அண்ணன், சில வருஷம் முன்னாடி பைக் விபத்துல தவறிட்டான். வயசு 28. அதுக்கப்புறம் பெரியப்பா ஒரு நோட்டு போட்டார்.

நோட்டு பூரா எண்கள். எபிரேய பைபிளோட முதல் வசனத்தில் 7 வார்த்தை, 28 எழுத்து. இது உண்மைதான், யார் வேணா எண்ணிப் பார்க்கலாம். "ஏல, 28ன்னா நாலு ஏழு. அவன் வயசு மொத வசனத்துலயே இருக்கு, பாத்தியா?"ன்னு கேட்டார். இறந்த தேதியைக் கூட்டினாலும் 7 வருதாம். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல.

இதைச் சும்மா பைத்தியக்காரத்தனம்னு தள்ளவும் முடியாது. எபிரேயத்தில் எழுத்துதான் எண். ஆலெப் 1, பேத் 2, யோத் 10. நம்ம பழைய தமிழ்க் கணக்கிலும் க 1, உ 2, அ 8. அப்போ ஒரு பெயரைக் கூட்டிப் பார்க்கிறது அவங்களுக்கு இயல்பான விஷயம். ஆதியாகமம் 14இல் ஆபிராம் 318 பேரோட லோத்தை மீட்கப் போவார். அவர் வேலைக்காரன் எலியேசர் பெயரைக் கூட்டினா சரியா 318. உண்மையில் போனது எலியேசர் ஒருத்தர்தான்னு தால்முத்லயே ஒரு விளக்கம் உண்டு.

இங்கேதான் நாம கேட்கவேண்டிய கேள்வி: அந்தக் கணக்கை எழுதினவர் வச்சாரா, தேடினவர் கண்டுபிடிச்சாரா?

1994இல் 'ஸ்டாட்டிஸ்டிகல் சயின்ஸ்' ஆய்விதழில் விட்ஸ்டம், ரிப்ஸ், ரோசன்பெர்க்னு மூணு பேர் ஒரு கட்டுரை போட்டாங்க. ஆதியாகமத்தில் சம இடைவெளி விட்டு எழுத்துகளைப் பொறுக்கினா, பல நூற்றாண்டு கழிச்சு வாழ்ந்த ரபிகளோட பெயரும் அவங்க தேதிகளும் பக்கத்துல பக்கத்துல வருதுன்னாங்க. 1997இல் மைக்கேல் ட்ரோஸ்னின் 'பைபிள் கோட்'னு புத்தகமே எழுதிட்டார். 1999இல் அதே இதழில் மெக்கே, பார்-நாதன், பார்-ஹிலெல், கலாய் நாலு பேரும் பதில் கொடுத்தாங்க. ஒவ்வொரு ரபியையும் எந்தப் பெயரில், எந்த எழுத்துக்கூட்டலில் தேடுறதுங்கிறதில் நிறைய சுதந்திரம் இருக்கு. அந்தத் தேர்வைக் கொஞ்சம் மாத்தினா, டால்ஸ்டாயோட 'போரும் அமைதியும்' நாவலின் எபிரேய மொழிபெயர்ப்பிலும் அதே மாதிரி 'அதிசயம்' வருது.

நானும் ஒண்ணு செஞ்சு பார்த்தேன். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட நாள் 16-10-1799. எல்லா இலக்கத்தையும் கூட்டுங்க: 34. மூணும் நாலும் ஏழு. நாளை மட்டும் எடுத்தாலும் ஒண்ணும் ஆறும் ஏழு! ஒரு எண்ணைக் கூட்டிச் சுருக்கினா 7 வர ஒன்பதில் ஒரு வாய்ப்பு. வயசு, நாள், மாசம், வருஷம், பெயர்னு பத்து விதமா முயற்சி பண்ணினா, ஒண்ணாவது 7இல் முடிய கிட்டத்தட்ட 70 சதவீத வாய்ப்பு. விதியை முன்னாடியே சொல்லாம தேடினா, தேடுறது கிடைச்சுடும்.

அப்போ பைபிளில் எண்ணுக்கு அர்த்தமே இல்லையா? இருக்கு. எழுதினவரே வச்ச இடத்தில் இருக்கு. 119ஆம் சங்கீதத்தில் 176 வசனம்: எபிரேய எழுத்து 22, ஒவ்வொரு எழுத்துக்கும் 8. அந்த எட்டும் அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கும். இதை யாரும் தோண்டி எடுக்க வேண்டாம், மூலத்தைத் திறந்தாலே கண்ணுக்குத் தெரியும்.

இந்தத் தீபாவளி லீவுக்குப் போனப்போ பெரியப்பாகிட்ட நான் கட்டபொம்மன் கணக்கைச் சொல்லல. சொல்ல மனசு வரல. புலம்பல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். எருசலேம் அழிஞ்சதுக்கு அழுற புத்தகம். முதல் நாலு அதிகாரமும் எபிரேய அகரவரிசையில் போகும். மூணாவது அதிகாரத்தில் எழுத்துக்கு மூணு வசனம், மொத்தம் 66. அஞ்சாவதிலும் 22 வசனம் இருக்கு. ஆனா அகரவரிசை இல்லை.

"இது ஏன் அப்படி எழுதினாங்கன்னு உறுதியா சொல்ல முடியாது பெரியப்பா. எனக்குத் தோணுறது, அழுகையை ஒரு ஒழுங்குல வைக்கப் பார்த்திருக்காங்க. ஏன் நடந்துச்சுங்கிறதுக்கு அந்த எண்ணுல பதில் இல்ல"ன்னேன்.

ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அப்போ அவன் போனதுக்குக் காரணம் இதுல இல்லங்க"ன்னார். கேள்வியா, பதிலான்னு எனக்குப் புரியல. "இல்ல பெரியப்பா"ன்னேன். நோட்டை அவர் தூக்கிப் போடல. மூடி வச்சுட்டு, அண்ணன் சின்ன வயசுல கோட்டை மதில்ல ஏறி விழுந்த கதையைச் சொல்ல ஆரம்பிச்சார். அவன் போனதுக்கப்புறம் அவனைப் பத்தி எண் இல்லாம அவர் பேசினது அன்னைக்குத்தான்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருந்தா, கணக்கைத் திருத்துறதுக்கு முன்னாடி அது எதுக்காகப் போடப்பட்டதுன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.