பிள்ளையின் இயல்பும் கல்வித் துறையும்



புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும் அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

அன்பின் நேயர்களே! க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் தோறும் எழுகின்ற கேள்வி, உயர்தரத்தில் எந்தத் துறை என்பதாகும். விஞ்ஞானத்தில் நல்ல சித்தி என்றால் வைத்தியர், கணிதத்தில் என்றால் பொறியியலாளர் எனப் பெரியோர் பலர் தீர்மானித்து விடுகின்றனர். பிள்ளையின் இயல்பு யாது என்பதை எவரும் விசாரிப்பதில்லை.

ஒவ்வொருவரும் தத்தமது இயல்பின்படியே செயற்படுகின்றனர் என்ற கருத்தை ஸூரா பனீ இஸ்ராஈலின் 84ஆவது வசனம் உணர்த்துகின்றது. நபி (ஸல்) அவர்களும் தோழர்களின் இயல்பறிந்தே பொறுப்புகளை வழங்கினார்கள். அதானின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரழி). ஆயினும் குரல்வளம் மிக்க பிலால் (ரழி) அவர்களே அதனை முழங்கப் பணிக்கப்பட்டார்கள். அபூதர் (ரழி) அவர்கள் பதவியொன்றை வேண்டியபோது, அதனைச் சுமக்கும் வலிமை அவரிடம் இல்லையெனக் கூறி நபியவர்கள் வழங்க மறுத்தார்கள். இதனால் அபூதர் (ரழி) அவர்களின் சிறப்பு அணுவளவும் குறையவில்லை. ஒரு துறை ஒருவருக்குப் பொருந்தாதிருப்பது இழிவன்று என்பதே இதிலுள்ள படிப்பினை.

ஹிஜ்ரி 751இல் வபாத்தான இமாம் இப்னுல் கையிம் (ரஹ்), பிள்ளை வளர்ப்பு பற்றிய 'துஹ்ஃபதுல் மவ்தூத்' எனும் நூலில் இதனை விரிவாக ஆராய்கின்றார். விளங்கும் ஆற்றலும் மனனசக்தியும் உள்ள பிள்ளையை அறிவுத் துறையிலும், கைத்தொழிலில் நாட்டமுள்ள பிள்ளையை அத்தொழிலிலும் ஈடுபடுத்துமாறு கூறும் அவர், இயல்புக்கு மாறாக வற்புறுத்தினால் பிள்ளை அதிலும் வெற்றி பெறாது, தனக்குரியதையும் இழந்துவிடும் என எச்சரிக்கின்றார்.

பெற்றோர்களே! பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைகளே தோற்ற முடியும். பொருந்தாத துறையில் அம்மூன்றையும் கழித்த பிள்ளை வருடங்களோடு தன்னம்பிக்கையையும் இழக்கின்றது. வணிகமும் கலையும் 2013இல் அறிமுகமான தொழில்நுட்பத் துறையும் தோற்றவர்களின் ஒதுக்கிடங்கள் அல்ல. வைத்தியர் மட்டுமன்றி ஆசிரியர், தாதியர், கணக்காளர், தொழில்நுட்பவியலாளர் அனைவரும் சமூகத்துக்குத் தேவை. அத்தேவையை நிறைவேற்றுவது எம் அனைவர் மீதுமுள்ள பர்ளு கிஃபாயாவாகும்.

இளைஞர்களே! இயல்பு வேறு, ஆசை வேறு. நண்பன் சென்ற வகுப்புக்கே செல்வதும், கடினமெனக் கேள்விப்பட்டு விலகுவதும் இயல்பாகா. எந்தப் பாடத்தை எவரும் ஏவாமலே படிக்கின்றீர்கள்? எந்த வேலையில் தவறினாலும் சலிக்காது மீண்டும் முயல்கின்றீர்கள்? நோயாளியின் அருகிருக்க மனம் விரும்புகின்றதா, இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்க விரும்புகின்றதா? இவற்றுக்கு நேர்மையாக விடை காணுங்கள். உங்களைக் கற்பித்த ஆசிரியர்களிடமும் வாப்பா, உம்மாவிடமும் மஷூரா செய்யுங்கள். பின்னர் இஸ்திகாராத் தொழுது முடிவெடுங்கள்.

பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். அதனுள் அவன் வைத்த ஆற்றலும் அமானிதமே. அவ்விரண்டையும் பேணும் பெற்றோராகவும் பிள்ளைகளாகவும் அல்லாஹ் எம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.