வடித்த சதுப்பும் வேகும் வானமும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



சேற்று நிலத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நீர் தேங்கி, நுளம்பு மொய்த்து, கால் வைத்தால் முழங்கால்வரை புதையும் நிலத்தைப் பாழ்நிலம் என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அதனை வடிகால் வெட்டி உலர்த்தி விதைப்பதும், மண் கொட்டி நிரப்பி வீடு கட்டுவதும் அபிவிருத்தி எனப் பெயர் பெற்றிருக்கின்றன. அப்பெயர் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன்.

நீரில் மூழ்கிய புல்லும் இலையும் வேரும், பிராணவாயு எட்டாமையால், முற்றாக உக்கிப்போவதில்லை. அரைகுறையாக உக்கிப் படைபடையாகப் படிந்து கரிய மண்ணாகின்றன. இதனை முற்றா நிலக்கரி என்பர். இது ஒரு மீற்றர் தடிப்புக்கு வளர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு செல்லும். உலகின் தரைப்பரப்பில் நூற்றுக்கு 3 பங்கே இத்தகைய நிலம். ஆயினும், உலகத்துக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்தும் தாங்கிநிற்கும் காபனிலும் மிகுதியான காபன் இந்நிலத்துள் அடங்கிக் கிடக்கிறது. அதனை அடக்கி வைத்திருப்பது நீர் ஒன்றே. நீரை வடித்தால் காற்றுப் புகும். காற்றுப் புகுந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உக்காதிருந்தது உக்கத் தொடங்கிக் கரியமிலவாயுவாகி வானேறும். மனிதர் செயலால் வெளியேறிப் பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் நூற்றுக்கு 4 முதல் 5 பங்கு வரை, இவ்வாறு வடிக்கப்பட்ட நிலங்களிலிருந்தே எழுகிறது.

வாயு கண்ணுக்குத் தெரியாது. நிலம் தாழ்வது தெரியும். இங்கிலாந்தின் கிழக்கே ஹோல்ம் என்னும் ஊருக்கு அண்மையில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. அவ்விடத்து ஏரியை வடித்துப் பயிர்நிலமாக்கிய காலத்தில், 1851 இல், அதன் உச்சி நிலமட்டத்தோடு நிற்கும்படி அதனை மண்ணுள் இறக்கினர். இன்று அத்தூண் ஏறக்குறைய 4 மீற்றர் வெளியே தெரிகிறது. தூண் வளரவில்லை, நிலமே தாழ்ந்தது. நீர் போனமையால் ஒரு பகுதி மண் அமுங்கிற்று. மற்றொரு பகுதி காற்றோடு கலந்தது. தாழ்ந்த நிலத்திலிருந்து நீர் தானாக வடியாது, இயந்திரத்தால் இறைக்கவேண்டும். இறைக்க இறைக்க நிலம் மேலும் தாழும். இறைப்புச் செலவு இன்னதென்று அறிந்த கமக்காரருக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, நெல்லின் பெயரால் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தான் மாகாணத்தில் 10 இலட்சம் ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 25 இலட்சம் ஏக்கர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்குமாறு 1995 ஆம் ஆண்டின் இறுதியில் ஜனாதிபதி சுகார்த்தோ கட்டளை பிறப்பித்தார். அரிசியில் தன்னிறைவு காண்பது நோக்கம். நோக்கத்தை நான் பழிக்கமாட்டேன். அரிசிக்குப் பிறநாட்டு முகம் பார்த்து நிற்பதன் சிறுமையை நாமும் அறிவோம். ஆனால் அம்மண் நெல்லுக்கு ஏற்ற மண்தானா என்ற கேள்வி மேலிடத்தில் ஏறவில்லை. 4,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. அங்குள்ள சதுப்பு, நடுவே மேடுபட்டு, மழைநீரைப் பஞ்சுபோல் ஏந்திநிற்பது. அம்மேட்டை ஊடறுத்து வாய்க்கால் சென்றதும் நீர் வழிந்தோடிற்று. எஞ்சிய மண்ணோ புளிப்பு மிகுந்தது. பயிருக்குரிய சத்துக் குறைந்தது. நெல் பெரும்பாலும் விளையவில்லை. பிற தீவுகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட கமக்காரரிற் பலர் கைவிட்டு நீங்கினர்.

1997 இல் எல்நினோ வரட்சி வந்தது. காய்ந்த மண்ணே விறகாயிற்று. தீ நிலத்தடியே புகுந்து மாதக்கணக்கிற் புகைந்தது. சிங்கப்பூரையும் மலேசியாவையும் புகை மூடிற்று. அவ்வாண்டு இந்தோனேசியச் சதுப்புத் தீயால் வெளியேறிய காபன், உலகம் முழுவதும் ஓராண்டில் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்து வெளியிட்ட அளவில் நூற்றுக்கு 13 முதல் 40 பங்கு வரை இருக்கலாம் என்று 2002 இல் விஞ்ஞானிகள் கணித்தனர். திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் வாய்க்கால்கள் இருந்தன. யாருக்கும் பயனின்றி அவை நீரை வடித்துக்கொண்டே இருந்தன. 2015 இல் அந்நாட்டில் மீண்டும் பெருந்தீ மூண்டு, சதுப்பும் பிறநிலமுமாக 26 இலட்சம் ஹெக்டேர் வெந்தபின்பே, சதுப்பை மீட்பதற்கெனத் தனி அரசாங்க நிறுவனமொன்று 2016 இல் அமைக்கப்பட்டது. அதன் முதல் வேலை என்ன? வெட்டிய வாய்க்காலை மரத்தாலும் மண்ணாலும் அணைகட்டி மறிப்பது. குளக்கட்டுப் பழகிய நம்மவருக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

நமது தீவிலும் இக்கதை உண்டு. கொழும்புக்கு வடக்கே, களனி கங்கைக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையே, முத்துராஜவெல என்னும் சதுப்பு 3,000 ஹெக்டேருக்குச் சற்று மேலாகப் பரந்து கிடக்கிறது. 'வெல' என்பது சிங்களத்தில் வயல். முன்னொருகால் நெல் விளைந்த அந்நிலம் கடல்நீர் புகுந்து கெட்டது. உவர்நீரை வடித்துவிடுவதற்கென்று ஆங்கிலேயர் 1802 இல் ஹமில்டன் கால்வாயை வெட்டத் தொடங்கி 1804 இல் முடித்தனர். கால்வாய் இன்றும் இருக்கிறது, வயல் திரும்பவில்லை. ஆயினும் அச்சதுப்பு வீணாகக் கிடக்கவில்லை. ஏறக்குறைய 1 கோடி 10 இலட்சம் கன மீற்றர் வெள்ளத்தை ஏந்திவைத்து மெல்ல மெல்லக் களப்புக்கு விடுகிறது. அதன் அடியிலுள்ள முற்றா நிலக்கரி பல ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு. 1996 இல் அதன் வடபகுதியில் 1,777 ஹெக்டேர் சரணாலயமாக்கப்பட்டது. மற்றப் பகுதிகளில் மண்ணும் குப்பையும் கொட்டப்பட்டு வந்திருக்கின்றன. 2018 இல் கொழும்பு 'ஈரநில நகரம்' என்னும் உலகப் பட்டம் பெற்றது. பட்டத்தை வாங்கியவர்கள் மண்ணேற்றும் லொறிகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இது தெற்கின் விடயம், வடக்குக் கமக்காரருக்கு என்ன என்று கேட்பீர்களாயின், உங்கள் கிணறுகளை நினைந்து பாருங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர், சுண்ணக்கல்லின் உள்ளே உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் நன்னீர். பூமி சூடேறிக் கடல்மட்டம் உயர உயர, அவ்வுவரும் மேலேறும். கலிமந்தானில் எரிந்தது நம் துலாவடிக்கு வர நெடுங்காலம் செல்லாது.

எதிர்வாதங்களும் உண்டு. மீண்டும் நீர் கட்டிய சதுப்பிலிருந்து மெதேன் வாயு எழும் என்பர். உண்மைதான், அது வீரியம் மிக்க வாயுவே. ஆயினும் மெதேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிற் பெரும்பாலும் அழிந்துவிடும். கரியமிலவாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். ஆதலின் நீர் கட்டுவதே இலாபம். வடித்த நிலத்தில் இப்பொழுது பயிரிட்டு வாழ்பவனை என் செய்வது என்பது அதனினும் பெரிய கேள்வி. அவனைத் துரத்துவது நியாயமன்று, அவசியமுமன்று. நிலத்தடி நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் உயர்த்தினாலே, ஹெக்டேருக்கு ஆண்டொன்றில் 3 தொன் அளவான கரியமிலவாயு குறையும் என்று 2021 இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டுகிறது. முற்றாக மூழ்கடிக்க இயலாத இடத்தில் ஒரு சாண் உயர்த்தலாம். ஈரத்திலேயே விளையும் பயிர்களும் உள. சவ்வரிசி முதலில் நமக்கு வந்தது சதுப்பில் வளரும் ஒருவகைப் பனையிலிருந்தே. மட்டக்களப்பார் பாய் இழைக்கும் பன்னும் நீர்நிலத்துப் புல்லே.

ஆகவே, முத்துராஜவெலவில் இனி ஒரு லொறி மண்ணும் கொட்டாதிருக்கச் சட்டத்தரணிகள் வழி காணவேண்டும். எந்த வாய்க்காலை எந்த மட்டத்தில் மறிப்பது என்பதைப் பொறியியலாளர் அளந்து கூறவேண்டும். மறித்தால் எவனுடைய காணி நனையும், அவனுக்கு நட்டஈடு யார் கொடுப்பது என்பதை, மறிப்பதற்கு முன்னரே எழுத்தில் வைக்கவேண்டும். நட்டஈடு பற்றிய இக்கடைசி விடயத்தில் கமக்காரர்களாகிய உங்கள் அபிப்பிராயத்தை அறிய விரும்புகிறேன். தலைவர் அனுமதித்தால் இப்பொழுதே கேட்கலாம்.