ஹோர்முஸுக்கு மாற்று யாருடைய நிலத்தில்?



ஆற்றல் கொள்கை பற்றி ஆய்வு செய்பவர்கள் எந்தக் கூட்டத்திலும் முதலில் காட்டும் இடம் ஹோர்முஸ் நீரிணை. ஈரானுக்கும் ஓமனுக்கும் இடையில், மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர்தான் அகலம். 2024-இல் உலகம் பயன்படுத்திய எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதன் வழியாகப் போனது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. சமையல் எரிவாயுவிலும் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான், பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து வருகிறது. அங்கே பதற்றம் என்றாலே கப்பல் வாடகையும் காப்பீட்டுக் கட்டணமும் ஏறிவிடும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல நிறுவனங்கள் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவையே சுற்றிப் போயின.

இந்தச் செலவு எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. மாதச் சம்பளக்காரர் வேறொரு செலவைக் குறைத்துக்கொள்வார். தினக்கூலி வீட்டுப் பெண் மறுபடி விறகு பொறுக்கப் போவார்.

ஆகவே மாற்று ஆற்றலில் முதலீடு வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சூரிய ஒளியை எந்த நீரிணையிலும் யாரும் மறிக்க முடியாது. ஆனால் அதற்கு நிலம் வேண்டும். நிலம் என்று வந்துவிட்டால் இந்த நாட்டில் சாதி வந்துவிடும்.

கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஏறக்குறைய 2,500 ஏக்கரில் நிற்கிறது. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு நிலம் கொடுப்பவருக்கு விலையோ குத்தகையோ கிடைக்கும். அந்த நிலத்தில் களையெடுத்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் என்ன கிடைக்கும்? பத்திரத்தில் அவர்கள் பெயரே இருக்காது.

சரி, கூரையில் தகடு வைக்கலாமே என்பீர்கள். 2024-இல் ஒன்றிய அரசு அறிவித்த திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் சொந்த வீடும் தகடு தாங்கும் கூரையும் வேண்டும். பட்டா இல்லாத சேரி வீட்டின் தகரக் கூரைக்கு அந்த மானியம் எப்படி வந்து சேரும்?

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1947-இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அடிப்படைத் தொழில்களையும் வேளாண் நிலத்தையும் அரசுடைமையாக்கக் கோரியது. மின்சாரத்தையும் நிலத்தையும் சேர்த்துப் பார்க்க அவரிடமிருந்தே நாம் கற்கலாம்.

நம் கோரிக்கைகள் இரண்டு. திட்டத்துக்குப் போகும் நிலத்தை நம்பிப் பிழைத்த நிலமற்றவர்களுக்கு அதன் வருமானத்தில் சட்டப்படி பங்கு வேண்டும். சேரிகளில் பொதுப் பணத்தில் பொது மின் நிலையம் அமைத்து, அங்கு வாழும் மக்களையே அதன் உரிமையாளர்களாக்க வேண்டும். இல்லையென்றால் எரிபொருள் மாறும், எஜமானர்கள் மாறமாட்டார்கள்.