தந்தி அலுவலகம் தந்த வானொலி

1850ஆம் ஆண்டு வாக்கில் ஐரோப்பாவிலிருந்து இலங்கைக்கு வரும் செய்தி முதலில் இறங்கும் இடம் காலித் துறைமுகம். தபால் கப்பல்கள் அங்கேதான் வந்து நின்றன. தலைநகர் கொழும்போ ஏறக்குறைய 70 மைல் வடக்கே இருந்தது. குதிரை வண்டித் தபாலுக்குக் காத்திராமல், 'சிலோன் அப்சர்வர்' பத்திரிகை செய்தியை மெல்லிய தாளில் எழுதிப் புறாக்களிடம் கொடுத்தனுப்பியது. கோப்பித் தோட்ட முதலாளிகளும் கொழும்பு வணிகர்களும் அந்தச் செய்திக்குக் காத்திருந்தார்கள்.

1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி வந்தது. புறாக்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. பின்னர் மன்னார் வழியாக இந்தியாவோடும் தந்தித் தொடர்பு ஏற்பட்டது. ஆனால் அந்தக் கம்பி அரசாங்கத்துக்கும் வணிகத்துக்கும்தான் நாள்தோறும் பயன்பட்டது. சொற்களை எண்ணிக் கட்டணம் வாங்கினார்கள். சாதாரணக் குடும்பத்துக்குத் தந்தி வந்தால், சாவுச் செய்தியோ என்று பிரித்துப் பார்க்கும் முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும்.

அந்தத் தந்தித் துறையிலிருந்துதான் வானொலி பிறந்தது. 1921இல் கொழும்புக்கு வந்த தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர், இரண்டே ஆண்டுகளில் சோதனை ஒலிபரப்பைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பியை அமைத்தார்கள். மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசை காற்றில் ஏறியது. 1925 டிசம்பர் 16இல் 'கொழும்பு வானொலி' முறையான ஒலிபரப்பைத் தொடங்கியது. பிபிசி பிறந்து அப்போது மூன்றாண்டுகள்தான் ஆகியிருந்தன.

இவ்வளவு விரைவாக வந்த வானொலியும் தொடக்கத்தில் எல்லோர் வீட்டுக்கும் போய்விடவில்லை. வானொலிப் பெட்டி வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது. நிகழ்ச்சிகளிலும் ஆங்கிலமே மேலோங்கியிருந்தது.

இரண்டாம் உலகப் போர் மற்றொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. தென்கிழக்காசியாவில் போரிட்ட நேச நாட்டுப் படைவீரர்களுக்காக 'ரேடியோ சியாக்' என்ற நிலையம் இலங்கையில் நிறுவப்பட்டது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1949இல், அதன் ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி இலங்கை அரசின் கைக்கு வந்தது. படைக்காகக் கட்டப்பட்ட கருவி பாட்டுக்குப் பயன்படலாயிற்று. 1950களின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்கு இடம் மறுத்தபோது, தமிழ்நாட்டு வீடுகளும் தேநீர்க் கடைகளும் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பின.

புறா, கம்பி, அலை என்று கருவிகள் மாறிய வேகம் வியப்புக்குரியது. என்றாலும், காலனி அரசு தன் தேவைக்காக வளர்த்த ஒரு துறையை மக்களுடையதாக ஆக்கியவை, ஆங்கிலத்தைத் தாண்டி அதில் ஒலித்த சிங்களமும் தமிழும்தான். ஆகவே ஒரு நாட்டின் வானொலி வரலாற்றை எழுதுவோர் ஒலிபரப்பியின் திறனை எத்தனை கிலோவாட் என்று குறிப்பதோடு நின்றுவிடக் கூடாது. அது எந்த மொழிகளில் பேசியது, யார் வீட்டில் ஒலித்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.