பாட்டுக்கு அடியில் ஒரு பெயர்

நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலில் பாட்டைப் படித்த கையோடு பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. பாட்டுக்கு அடியில் வட்டார வழக்குச் சொல்லுக்குப் பொருள் இருக்கும். சேகரித்தவர் பெயரும் ஊரும் இருக்கும். விளாத்திகுளம் பக்கத்துப் பாடல்கள் பலவற்றின் கீழே எஸ்.எஸ். போத்தையாவின் பெயரைப் பார்க்கலாம். ஊர் ஊராக அலைந்து கேட்டு எழுதியவர் வேறு, அச்சில் தொகுத்தவர் வேறு என்பதை நா.வா. மறைக்கவில்லை.

நா.வா. 1917இல் நாங்குநேரியில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். பொதுவுடைமைக்காரர். 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். இரண்டுக்கும் பின்னால் எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை.

கதைப்பாடல்களில் அவர் செய்த வேலைக்கு முத்துப்பட்டன் கதை ஒன்றே போதும். பிராமண இளைஞன் முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மீதும் ஆசை கொள்கிறான். பகடை லேசில் சம்மதிக்கவில்லை. குடுமியை வெட்ட வேண்டும், பூணூலை அறுக்க வேண்டும், செருப்புத் தைத்துக் காட்ட வேண்டும் என்கிறார். பட்டன் செய்கிறான், கடைசியில் மாட்டுக் கிடையைக் காக்கப் போய் உயிரையும் விடுகிறான். அச்சுக்கு வந்த கதையில் ஒரு திருத்தம் நுழைந்தது: அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகளாம், பகடை எடுத்து வளர்த்தாராம்! இது பின்னால் செருகியது என்று நா.வா. எடுத்துக்காட்டினார். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. திருத்தத்துக்கு முன் வில்லுப்பாட்டுக்காரர் சொன்ன கதையோடு ஒட்டிப்போகும் வழக்கம் இது.

கட்டபொம்மு, கான்சாகிபு கதைப்பாடல்களையும் அவர் பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் அவற்றை வெளியிட்டது.

குறை இல்லாமல் இல்லை. எதிலும் வர்க்கத்தைத் தேடும் பார்வை சில இடங்களில் பாட்டின் குறும்பை அமுக்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, வானொலியில் சொல்லியே ஆக வேண்டியது, மெட்டு. புத்தகத்தில் சொல் நிற்கிறது. நாற்று நடும்போது பாடியவள் எங்கே இழுத்தாள், எங்கே நிறுத்தினாள் என்பது இல்லை.

நா.வா. 1980இல் காலமானார். அவருடைய மாணவர் ஆ. சிவசுப்பிரமணியன் அதே வழியில் போய், பாட்டோடு நில்லாமல் உப்பையும் பனைமரத்தையும்கூட மக்கள் வரலாறாக எழுதினார்.