மரம் வெட்டுவோருக்குப் பாதுகாப்புச் சான்றும் காப்பீட்டுக் கழிவும்



சவுக்கும் தைலமரமும் பயிரிடும் உங்களுக்கு, மரம் சாய்க்கும் நாளின் ஆபத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆபத்தைக் காப்பீட்டுக் கட்டணத்தோடு இணைத்து ஒரு முறையைக் கண்டிருக்கிறார்கள், கனடா நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தார். அதன் விவரத்தை இன்று காண்போம்.

அங்கு காட்டு வேலை பெருந்தொழில். 2005ஆம் ஆண்டில் மட்டும் 43 பேர் அத்தொழிலில் உயிரிழந்தனர். அதற்கு முந்திய ஆண்டில்தான் தொழில் துறையினர் வனப் பாதுகாப்புக் கழகம் ஒன்றை அமைத்திருந்தார்கள். 'சேஃப்' என்னும் சான்றிதழைக் கொடுப்பது இக்கழகமே.

தகுதி ஆளுக்கு ஆள் மாறும். 20 பேரோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்கும் நிறுவனமாயின், வெளியிலிருந்து தணிக்கையாளர் வந்து பார்ப்பார். அதற்குக் குறைந்தவர்கள், தங்களில் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பி, பதிவேடுகளைத் தாங்களே தொகுத்து அனுப்பலாம். யாருக்கு என்ன வேலை கற்றுக் கொடுக்கப்பட்டது, மயிரிழையில் தப்பிய விபத்துகள் எவை, அடிபட்டவரைக் காட்டிலிருந்து எவ்வாறு வெளியே கொண்டு வருவது என்பனவெல்லாம் அப்பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒரு முறை வாங்கி மாட்டி வைத்தால் போதாது. ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்.

இனிப் பணத்துக்கு வருவோம். அங்கு தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுக்கான கட்டணம் முழுவதையும் முதலாளியே கட்டுகிறார். கூலியாள் ஒரு காசும் தருவதில்லை. 100 டாலர் கூலிக்கு இவ்வளவு என்று தொழிலுக்கேற்ற அடிப்படை வீதம் உண்டு. சான்று பெற்றவருக்கு அந்த அடிப்படைக் கட்டணத்தில் 10 சதவீதம் மறு ஆண்டில் திருப்பித் தரப்படுகிறது. உதாரணமாக, 6,000 டாலர் அடிப்படைக் கட்டணமானால் 600 டாலர் கிடைக்கும். மூன்று ஆள் வைத்திருப்பவருக்கு இது பெரிய தொகையல்ல என்பதே என் கருத்து. கூலியாள் இல்லாமல் தாமே உழைப்பவருக்கோ கழிவு கிடையாது, சான்று மட்டுமே. இருந்தும் அவரும் அதை நாடுகிறார். ஏனெனில், சான்று இல்லாதவருக்கு அரசின் மர விற்பனை அமைப்பு வேலை தருவதில்லை. பெரிய நிறுவனங்கள் பலவும் அப்படியே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விபத்து நடந்துவிட்டது என்பதற்காக மட்டும் இந்த 10 சதவீதம் பறிபோவதில்லை. காயத்தை மறைத்தால், புகார் கொடுக்கவிடாமல் தொழிலாளியைத் தடுத்தால், அப்போதுதான் நிறுத்தி வைக்கப்படும். கட்டணப் பாக்கி வைத்தவருக்கும் கிடைக்காது. ஆனால் வேறொரு கணக்கும் உண்டு: காயங்களுக்கு ஆகும் செலவைப் பொறுத்துக் கட்டணம் பாதி வரை குறையலாம், அல்லது இரு மடங்கு வரை ஏறலாம். 'சொல்லாமல் விட்டுவிடலாமே' என்ற ஆசை பிறப்பது இந்த இடத்தில்தான். ஆகவேதான் மறைப்பவரிடம் அவ்வளவு கண்டிப்பு.

நம் தோட்டத்தில் இந்தச் சான்று இல்லை, கழிவும் இல்லை. எனினும் அவர்களுடைய விதிகளில் ஒன்றுக்குக் காசு செலவில்லை. மரம் சாயும்போது, அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்குள் வேறு எவரும் நிற்கக்கூடாது. 40 அடிச் சவுக்கானால் 80 அடி. கட்டை பொறுக்க வரும் பெண்களையும், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் அந்தத் தூரத்துக்கு அப்பால் நிறுத்திய பிறகே ரம்பத்தை இயக்கச் சொல்லுங்கள்.