உடலுக்கு வெளியே ஓடும் குருதி

சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தை உடலுக்கு வெளியே கொணர்ந்து, தூய்மை செய்து, மீண்டும் உட்செலுத்தும் முறையையே டயாலிசிஸ் என்கிறோம். நெதர்லாந்து நாட்டு மருத்துவர் வில்லெம் கோல்ஃப் 1943-ஆம் ஆண்டில் இதற்கென ஓர் இயந்திரத்தை இயக்கினார். 1945-இல்தான் அதனால் முதல் நோயாளி உயிர் பிழைத்தார். இன்று பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்திலுள்ள சிறுநீரகவியல் நிலையம் போன்ற இடங்களில் இது நாள்தோறும் நடைபெறுகிறது. வாரம் மும்முறை, நான்கு மணி நேரம் என்பது பொதுவான முறை.

இயந்திரம் ஓயாமல் காவல் புரிகிறது. குழாயில் காற்றுக் குமிழ் வந்தால் ஓட்டத்தை நிறுத்துகிறது. சுத்திகரிப்பு நீர்மத்தின் உப்புச்செறிவும் வெப்பமும் மாறினால் மணி அடிக்கிறது. கழிவு நீர்மத்தில் இரத்தம் கசிந்தாலும் காட்டிக்கொடுக்கிறது. ஆயினும் அதன் கண்ணுக்கு எட்டாதவை இரண்டு உண்டு.

ஒன்று, தண்ணீரிலுள்ள நஞ்சு. ஒருமுறைச் சிகிச்சையில் ஏறத்தாழ 120 லிட்டர் நீர்மம் இரத்தத்தின் அருகே ஓடுகிறது. இடையே நிற்பது மெல்லிய சவ்வு மட்டுமே. பிரேசில் நாட்டின் கருவாரு நகரில் 1996-இல் பாசி நஞ்சு கலந்த நீரால் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் மாண்டனர். குடிநீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரினும் இரத்த அணுக்களைச் சிதைக்கவல்லது. ஆகவே, காவிரி நீராயினும் ஆழ்துளைக் கிணற்று நீராயினும், அதைக் கரி வடிகட்டி முதலியவற்றில் தூய்மைப்படுத்தி, ஒவ்வொரு முறைமாற்றத்துக்கு முன்பும் குளோரின் சோதனை செய்தல் இன்றியமையாதது.

மற்றொன்று, இரத்தத்தை உடலுக்குத் திருப்பும் ஊசி நழுவுதல். அழுத்தம் குறைந்தால் மணி அடிக்க வேண்டும். ஆனால் அழுத்தத்தில் பெரும்பங்கு ஊசியின் குறுகிய துளையாலேயே உண்டாவதால், ஊசி வெளியே வந்தபின்னும் அழுத்தம் அதிகம் குறையாதிருக்கலாம்; மணியும் மௌனமாயிருக்கலாம். நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் வீதம் ஓடும் குருதி, ஐந்தே நிமிடத்தில் ஒன்றரை லிட்டர் வெளியேறிவிடும். உடலில் உள்ளதோ ஏறத்தாழ ஐந்து லிட்டர்தான். எனவே, குளிரெடுத்தாலும் ஊசி ஏற்றிய கையைப் போர்வைக்குள் மறைத்தலாகாது. செவிலியரின் பார்வையில் அது எப்போதும் திறந்தே இருத்தல் வேண்டும்.

மூன்றாவது காவலர் நோயாளியே. தலைச்சுற்றல், வியர்வை, மார்பு வலி, மூச்சுத் திணறல் எது தோன்றினும் உடனே சொல்ல வேண்டும். மொழி தெரியாதே என்று வாய்மூடிக் கிடத்தல் ஆபத்து. நம் கன்னடச் சகோதரர்களின் மொழியில் தலைச்சுற்று 'தலெ சுத்து', வலி 'நோவு', நெஞ்சு 'எதெ', மூச்சு 'உசிரு'. இவை நமக்கு அயலான சொற்களல்ல. உடன் செல்லும் உறவினரும் இந்நான்கையும் கற்றுக்கொள்வோமாக. மணி அடிக்காத வேளையிலும் நாம் குரல் கொடுத்தால், ஓர் உயிர் காக்கப்படும்.